கம்பளியில் இறங்கிய மலை

2025 ஜனவரி 23, வியாழன்: போடி – குரங்கணி

போடியில் காலை ஏழு மணிக்கே கடைவீதி முழுக்க ஏலக்காய் மணம். இடுக்கி மலைத் தோட்டங்களில் விளைவதில் கணிசமான பங்கு இங்கே இறங்கித் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குப் போகிறது. நாங்கள் மூன்று பேர். நான், பெரியப்பா மகனான அண்ணன், அக்கா மகன். அண்ணனுக்கு வயது 54. தேனிப் பக்கம் வேலை நிமித்தமாக வரும்போதெல்லாம் மேற்கே நிற்கும் இந்த மலையைப் பார்த்து, "ஒரு தடவையாவது காலால் ஏறிவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்காகத்தான் இந்தப் பயணம்.

இட்லியும் உளுந்த வடையும் மூன்று பேருக்கு 180 ரூபாய். கல்லாவில் இருந்தவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, "மலைக்கா? வனத்துறை சீட்டு வாங்கியாயிற்றா?" என்று கேட்டார். பஸ் கண்டக்டரும் அதையே கேட்டார். மலையடிவாரத்துக் குரங்கணியில் இறங்கியதும் டீக்கடை அம்மாவும் கேட்டார். சீட்டு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முகம் தளர்ந்தது.

ஏன் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டுக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்து வந்த குழு ஒன்று, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு மற்றொன்று. பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பது பேர் மலையிலேயே போனார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைகளில் கிடந்தவர்களும் அடுத்தடுத்து இறந்து, எண்ணிக்கை இருபதைத் தாண்டியது.

ராணுவம், விமானப்படை, கமாண்டோக்கள் என்று செய்திகளில் படித்திருந்தேன். அவர்கள் வந்தது உண்மை. மறுநாள் காலை ஹெலிகாப்டர்கள் பறந்ததும் உண்மை. அதற்கு முன்னால் ஓர் இரவு இருந்தது. அந்த இரவைப் பற்றி டீக்கடை அம்மா அதிகம் பேசவில்லை. "புகையைப் பார்த்ததும் ஆம்பிளைகள் எல்லாம் ஏறிவிட்டார்கள். நாங்கள் வீட்டில் இருந்த கம்பளி, போர்வை, சேலை எல்லாவற்றையும் சுருட்டிக் கொடுத்தோம். எதுவும் திரும்பி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

இரவு கொட்டகுடி ஆற்றின் சத்தத்தில் தூங்கினோம்.

ஜனவரி 24, வெள்ளி: குரங்கணி – டாப் ஸ்டேஷன்

காலை ஆறரைக்கு வழிகாட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும். காலில் சாதாரண ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை, இடுப்பில் அரிவாள், கழுத்தில் கயிறு கோத்த விசில். எங்கள் மூவரையும் நிற்க வைத்து முதலில் கேட்டது: "யாருக்காவது சுகர், பிரஷர், நெஞ்சுவலி உண்டா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் சார், மேலே போய்ச் சொல்ல வேண்டாம்." அண்ணன் மாத்திரை அட்டையைக் காட்டினார். அதை வழிகாட்டி தன் பையில் போட்டுக்கொள்ளாமல் மருமகனிடம் கொடுத்தார். ஒருவருடைய மருந்து அவரிடமும் இருக்க வேண்டும், இன்னொருவரிடமும் இருக்க வேண்டுமாம். அப்படியே பாதியாக வெட்டிப் பிரித்துக்கொண்டோம்.

பாதையின் முதல் பகுதி மாந்தோப்பும் இலவ மரமும். பிறகு காபித் தோட்டம். எதிரே கோவேறு கழுதைகள் மூட்டையோடு இறங்கி வந்தன. அவற்றுக்கு வழிவிடும்போது பள்ளத்துப் பக்கம் நிற்கக்கூடாது, மலைப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும் என்றார் வழிகாட்டி. மூட்டை இடித்தால் ஆள் கீழே போய்விடுவான்.

செண்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூரில் மதியச் சாப்பாடு. ரயிலே வராத ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. மூணாற்றுத் தேயிலையை மலை உச்சிக்குக் கொண்டுவர 1908 வாக்கில் குண்டளை பள்ளத்தாக்கு வழியாகச் சிறு ரயில் ஓடியது. அது முடியும் இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊஞ்சலில் கீழே குரங்கணிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924 பெருவெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. பெட்டியை இறக்குவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே கம்பிவடம் போட்டார்கள். இங்கே வாழ்கிறவர்களோ குரங்கணி – டாப் ஸ்டேஷன் சாலைக்காக இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சாப்பாடு சோறு, அவரைக்காய்க் குழம்பு, அப்பளம். வீட்டுக்காரம்மா தலைக்கு 80 ரூபாய் வாங்கினார். இரண்டாவது தடவை சோறு போடும்போது "மலை ஏறுகிறவர்கள் அளந்து சாப்பிடக்கூடாது" என்று சொல்லி அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.

சாப்பிட்டு ஏறும்போது வழிகாட்டி ஒரு திருப்பத்தில் நின்று, பள்ளத்தாக்குக்கு அப்பால் கொழுக்குமலைத் திசையைக் காட்டினார். சரிவு முழுக்கச் சுக்குநாறிப்புல், மார்பளவு. "காய்ந்துவிட்டால் எண்ணெய் ஊற்றின மாதிரி சார். கீழே பற்றினால் சூடு மேலே ஏறும், மேலே இருக்கிற புல் நெருப்பு வருவதற்கு முன்பே பொரிந்து நிற்கும். அதனால்தான் சரிவில் தீ மேல்நோக்கி ஓடுகிறது. மனிதன் மேல்நோக்கி ஓட முடியுமா?" அன்று பலர் பயந்து புல்லுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் சிதறி ஓடியதைச் சொன்னார். ஏற்கெனவே எரிந்து கருகிய தரை இருந்தால் அதில் போய் நிற்க வேண்டும், பாறைத் திட்டு இருந்தால் அங்கே நிற்க வேண்டும், புல் நடுவில் ஓடக்கூடாது. மருமகன் இதை அலைபேசியில் எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் நடுவிலிருந்து தீக்காலம் என்று மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்களாம்.

நாலரைக்கு டாப் ஸ்டேஷன். 1,700 மீட்டருக்கு மேல். குளிர் காதைக் கடித்தது. பேச்செல்லாம் தமிழ், நிற்கும் பஸ் கேரளத்துப் பஸ். அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்னும் துவையலும் தட்டு 60 ரூபாய், கட்டன் சாயா என்னும் பால் விடாத டீ 12. அந்தக் கிழங்கின் சூட்டில் விரல்களுக்கு உயிர் வந்தது.

ஜனவரி 25, சனி: மூணாறு, மறுபடி டாப் ஸ்டேஷன்

விடிகாலையில் புல் மேல் உறைபனி, உப்புத் தூவியதுபோல. அதில் கால் வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்கிறது. அண்ணன் சிறுபிள்ளைபோல நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தார்.

ஓய்வு நாள் என்பதால் ஜீப்பில் மூணாறு போனோம். ஓட்டியவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். விடுமுறைக் கூட்டத்தில் மாட்டுப்பட்டி அணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் வண்டி நகரவில்லை. அப்போதுதான் மூணாற்றுப் பக்கத்துப் பெட்டிமுடியைப் பற்றிச் சொன்னார். 2020 ஆகஸ்ட் 6 இரவு. மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் மேல் விழுந்தது. 70 உயிர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. அன்று மின்சாரம் இல்லை, அலைபேசித் தொடர்பு இல்லை. அந்த இரவில் நடந்தது மறுநாள் காலைதான் வெளியே தெரிந்தது. பெரியவாரையில் இருந்த தற்காலிகப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் வண்டிகளும் உடனே போய்ச்சேர முடியவில்லை. "ராத்திரியெல்லாம் மண்ணுக்குள் இருந்து சத்தம் வந்திருக்கும் இல்லையா சார்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது, அவரும் கியரைப் போட்டார்.

மூணாறு ஊர் பற்றி எழுத எதுவும் இல்லை. கூட்டம், சாக்லேட் கடைகள், ஒரு சாப்பாடு 160 ரூபாய்.

இரவு டாப் ஸ்டேஷன் விடுதியில் கணப்பு மூட்டி உட்கார்ந்திருந்தோம். மருமகன் மலம்புழா சம்பவத்தைப் பேச்சில் கொண்டுவந்தான். 2022 பிப்ரவரியில் பாலக்காட்டுப் பக்கம் ஓர் இளைஞர் மலையிலிருந்து இறங்கும்போது வழுக்கி, செங்குத்துப் பாறையின் ஒரு பொந்தில் மாட்டிக்கொண்டார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் சோறு தண்ணீர் இல்லை. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு மேலே இழுத்தார்கள். வழிகாட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரும் இறங்கும்போதுதானே?" என்றார். பிறகு, "நாளைக்கு நாமும் இறங்குகிறோம். யாரும் அவசரப்படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஜனவரி 26, ஞாயிறு: இறக்கம்
(அன்றிரவு எழுத முடியவில்லை. திங்கட்கிழமை எழுதியது.)

காலை மூடுபனி விலகவே பத்து மணி ஆகிவிட்டது. கிளம்பும்போது பத்தே முக்கால். தாமதம் அங்கேயே தொடங்கியது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் முழுப் பாரமும் தொடையிலும் முட்டியிலும் இறங்குகிறது. நாலைந்து மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. அண்ணன் மதியத்துக்குப் பிறகு பேச்சைக் குறைத்துவிட்டார். நான் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதே கால் மணி உட்கார வைத்திருக்க வேண்டும்.

மூன்று நாற்பதுக்கு, செண்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டிய ஒரு வளைவில், சருகுக்கு அடியில் கிடந்த உருளைக்கல்லில் அவர் கால் வைத்தார். கல் உருண்டது. வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, அவர் உடம்பு அதன் மேல் விழுந்தது. சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். அதைக் கேட்டவர்களுக்கு எக்ஸ்ரே தேவையில்லை.

நான் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். வழிகாட்டி என் தோளைப் பிடித்து இழுத்தார். "நிறுத்தாதீர்கள் சார், உட்கார்ந்தபடியே இருக்கட்டும்." மருமகன் கல்லூரியில் என்.சி.சி.யில் முதலுதவி படித்தவன். ஷூவைக் கழற்றாமல் கயிற்றை மட்டும் தளர்த்தினான். கால் கிடந்த நிலையிலேயே, படுக்கும் ரப்பர் பாயை மடித்துக் கணுக்காலைச் சுற்றி வைத்து, மேலும் கீழும் துண்டால் கட்டினான். கட்டிய பிறகு ஷூவின் முன்பக்கத்தைக் கத்தியால் வெட்டி, காலுறையை விலக்கி, கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டான். வெளுத்த நகம் சட்டென்று சிவந்தது. "இரத்தம் ஓடுகிறது மாமா" என்றான். கால் மணிக்கு ஒரு தடவை அதையே செய்து பார்த்தான். அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கொஞ்சமும் நடுங்கவில்லை.

அலைபேசியில் சிக்னல் கோடு இல்லை. 112-க்கு அடித்தால் எந்த நிறுவனத்தின் கோபுரம் கிடைத்தாலும் போகும் என்பார்கள். அங்கே எந்தக் கோபுரமும் கிடைக்கவில்லை. வழிகாட்டி விசிலை எடுத்தார். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதினார், ஒரு நிமிடம் நிறுத்தினார், மறுபடி ஆறு. பல நாடுகளில் மலையில் ஆபத்துக்கு இதுதான் குறி என்று பிறகு சொன்னார். நாலாவது சுற்றில் கீழே காபித் தோட்டத்திலிருந்து ஒரு கூவல் வந்தது. அவர் பதிலுக்குக் கூவினார். சொற்கள் எனக்குப் புரியவில்லை. "சொல்லியாயிற்று. ஆள் வருவார்கள்" என்றார்.

காத்திருந்த ஐம்பது நிமிடம் நீளமானது. வெயில் மலைக்குப் பின்னால் போனதும் அண்ணனுக்கு நடுக்கம் கண்டது. வேர்வையில் நனைந்த சட்டையோடு அசையாமல் கிடந்தால் இந்த உயரத்தில் குளிரே ஆளைச் சாய்த்துவிடும். சட்டையை மாற்றி, அடியில் பைகளைப் பரப்பி, மேலே மழைக்கோட்டைப் போர்த்தினோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "உன் அண்ணியிடம் இப்போது சொல்லாதே."

எட்டு பேர் வந்தார்கள். செண்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நாலு பேர், தோட்டத்திலிருந்து நாலு பேர். ஒருவர் வேலை முடித்துக் குளித்து, திருநீறு பூசிய நெற்றியோடு வந்திருந்தார். யாரும் எங்கள் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. இருவர் தைலமரக் கழியை வெட்டி எடுத்துக்கொண்டே வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் கையில் கறுப்புக் கம்பளி.

டோலி கட்டுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. கம்பளியின் முனையை அப்படியே முடிச்சுப் போட்டால் பாரத்தில் வழுக்கி அவிழ்ந்துவிடும். பெரியவர் ஓடைப் பக்கம் போய் எலுமிச்சம்பழ அளவில் நாலு கூழாங்கல் பொறுக்கி வந்தார். ஒவ்வொரு முனையிலும் ஒரு கல்லை வைத்து, துணியால் மூடி, கல்லுக்குப் பின்னால் கழுத்துப்போல நெரிந்த இடத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். இனி எவ்வளவு இழுத்தாலும் கயிறு கல்லைத் தாண்டி வராது. நாலு முனையையும் கழியில் கட்டிவிட்டு, தானே முதலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். பிறகுதான் அண்ணனை ஏற்றினார்கள்.

முன்னால் இருவர், பின்னால் இருவர். இருநூறு அடி போவதற்குள் தோள் மாற்றிக்கொண்டார்கள், கழி தரையைத் தொடாமலே. கல் வரும் இடத்தில் முன்னால் போகிறவர் "கல்லு" என்பார், பின்னால் வருகிறவர் "கல்லு" என்று திருப்பிச் சொல்வார். இருட்டிய பிறகு அந்தச் சத்தம்தான் வெளிச்சம். நான் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன். "இதுபோல எத்தனை தடவை?" என்று திருநீறு பூசியவரைக் கேட்டேன். "போன வருடம் என் தங்கையைப் பிரசவத்துக்கு இப்படித்தான் கொண்டுபோனோம்" என்றார். பிள்ளை? "நல்லா இருக்கிறாள்."

ஜீப் ஏறக்கூடிய இடத்தை அடைந்தபோது மணி எட்டரை. குரங்கணியில் 108 ஆம்புலன்ஸ் காத்திருந்தது. கோடு கிடைத்த இடத்திலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். பணம் எடுத்து நீட்டினேன். பெரியவர் என் கையை மடக்கினார். "ஜீப்காரருக்குக் கொடுங்கள், அவருக்கு டீசல் செலவு. எங்களுக்கு நடைதானே."

ஜனவரி 27, திங்கள்: போடி, குரங்கணி

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. அறுவை தேவைப்படலாம் என்பதால் மதுரைக்கு அழைத்துப்போகச் சொன்னார்கள். ஷூவைக் கழற்றாமல் கட்டியது யார் என்று டாக்டர் கேட்டார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸில் கம்பளியும் அண்ணனோடு வந்துவிட்டிருந்தது. அதை இரவே மருத்துவமனைக் குழாயடியில் அலசி மாடியில் போட்டிருந்தேன். மதியத்துக்குள் ஓரளவு காய்ந்தது. இந்தக் குளிரில் ஒரு வீட்டில் கம்பளி இல்லாமல் இரவு போகக்கூடாது என்று, சாப்பிடாமலே மதிய பஸ்ஸைப் பிடித்தேன்.

பெரியவர் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். சந்தைச் சாமான் வாங்க இறங்கி வந்தவர். "அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்றார். சொன்னேன். கூடவே புதிதாக வாங்கிய இன்னொரு கம்பளியையும் நீட்டினேன். அதை டீக்கடை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா வாங்கி, முகத்தில் வைத்துப் பார்த்து, உள்ளே கொண்டுபோனார்.

பழைய கம்பளியைப் பெரியவர் விரித்துப் பார்த்தார். ஒரு முனையில் முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தது; நான் அலசியபோது கவனிக்கவில்லை. நகத்தால் கயிற்றைத் தளர்த்திக் கூழாங்கல்லை எடுத்தார். நான் கை நீட்டி வாங்கி, தெருவோரம் போடப் போனேன்.

"போட்டுவிடாதீர்கள் தம்பி, நல்ல உருண்டைக் கல்" என்று வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.